பச்சியப்பனின் எண்ணெய் டின்

பச்சியப்பனுக்கு எதற்கு செல்போன் என்று ஏரியூர்ப் பக்கம் கேலி பேசுவார்கள். அவர் தன் வயல் மேட்டில் நின்று ஒரு குரல் கொடுத்தால் அடுத்த ஊர் டீக்கடையில் டீ ஆற்றுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். ஐம்பத்து நான்கு வயதில் மனிதருக்கு முடி நரைத்துவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது, குரல் மட்டும் ஒரு இம்மியும் இறங்கவில்லை. தண்ணீர் கொண்டா என்பதையும் வீடு தீப்பற்றி எரிகிறது என்பதையும் அப்பா ஒரே மாதிரிதான் சொல்வார் என்பாள் அவர் மகள் சுகுணா. அதையும் அவர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் சொல்வாள்.

அந்தக் குரல் சும்மா வந்ததல்ல. அவருடைய நிலம் காட்டை ஒட்டிக் கிடக்கிறது. ராகி பால் பிடிக்கும்போதும் நிலக்கடலை காய் இறங்கும்போதும் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து, நான்கு மாத உழைப்பை ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டுவிட்டுப் போகும். பன்னிரண்டு வயதிலேயே அவர் அப்பா அவர் கையில் ஒரு காலி எண்ணெய் டின்னையும் இரும்புக் கம்பியையும் கொடுத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டார். டின்னைத் தட்டு, தொண்டை கிழியக் கத்து, இதுதான் வேலை. நாற்பது வருடம் அதைச் செய்தார். ஒருமுறை பரணிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து ஒரு கொம்பன் பன்றி பாய்ந்ததில் வலது தொடையில் ஒரு சாண் தழும்பு. அதற்குப் பிறகு அவர் டின்னைத் தட்டும் வேகம் இரண்டு மடங்கானது.

மூன்று வருடம் தொடர்ந்து கடலை போனதும் அவருக்கு வெறுத்துவிட்டது. "பன்னிதான என்னக் கெடுத்துது. பன்னியே சோறு போடட்டும்" என்று ஒரு நாள் அறிவித்தார். காட்டோரத்து நிலத்தில் கொட்டகை போட்டு, நல்ல வெண்பன்றிகளாகப் பத்து தாய்ப்பன்றிகளும் ஓர் ஆண்பன்றியும் வாங்கி வந்து இறக்கினார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் பன்றி வளர்ப்பதா என்று பங்காளிகள் முகம் சுளித்தார்கள். அவர் போட்ட சத்தத்தில் சுளித்த முகங்கள் நேரானது தனிக்கதை.

கொட்டகை வந்தாலும் பழைய டின் போகவில்லை. வாசல் கம்பத்தில் ஓர் ஆணி அடித்து அதை மாட்டிவைத்தார். காலையும் மாலையும் தீனி போடப் போகும்போது, உள்ளே நுழையுமுன் நாலு தட்டு, ஓர் அதட்டல். படுத்திருக்கும் பன்றிகள் எல்லாம் துள்ளி எழுந்து தூரத்துச் சுவரோடு போய் நின்றுவிடும். அதன் பிறகுதான் இவர் காலை உள்ளே வைப்பார். பன்றி என்றால் இப்படித்தான் என்பது அவருடைய நாற்பது வருடப் படிப்பு. தன்னைக் கண்டதும் அத்தனையும் எழுந்து நிற்பதைப் பார்க்க அவருக்கு ஒரு திருப்தியும் உண்டு.

வீட்டிலும் அதே ஒழுங்குதான். புளியமரத்து வளைவில் அவருடைய மொபெட் சத்தம் கேட்டால் டிவி நின்றுவிடும். மனைவி காவேரி எழுந்துவிடுவாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொம்பில் தண்ணீர் தயாராக இருக்கும். அவர் காவேரியை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. "என் வூட்டுல அடி கெடையாது, உதை கெடையாது. மரியாத மட்டும்தான்" என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

முதல் ஈற்று அமோகமாகப் போனது. வாங்கி வரும்போதே சினையாக இருந்த பன்றிகள் ஆளுக்குப் பத்து, பதினொன்று என்று போட்டுத் தள்ளின. குட்டிகளைப் பால் மறக்கடித்துவிட்டு, அடுத்த ஈற்றுக்குக் காத்திருந்தார். பால் மறந்த ஒரு வாரத்தில் தாய்ப்பன்றி பருவத்துக்கு வர வேண்டும். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தப்பித் தவறிப் பருவத்துக்கு வந்த இரண்டும் ஆண்பன்றியோடு சேர்ந்தும் சினை பிடிக்கவில்லை. பச்சியப்பன் ஆண்பன்றியை மாற்றினார். மரவள்ளிக்கிழங்குத் திப்பியை நிறுத்திவிட்டு நல்ல தவிடு போட்டார். கொட்டகை வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினார். பூசணிக்காய்தான் அழுகியது.

இந்தப் பத்தும் சினையாகாவிட்டால் பண்ணை இல்லை. பண்ணை இல்லாவிட்டால் மறுபடியும் கடலை, மறுபடியும் பரண். தேய்ந்த முட்டியோடு அவரால் இனி பரண் ஏற முடியாது.

கால்நடை டாக்டர் அன்பரசி வந்து பார்த்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், பொறுமையான பெண். படித்த பொம்பளப் பிள்ளை வந்திருக்கும்போது தகரத்தைத் தட்டுவது மரியாதையில்லை என்று அன்றைக்கு மட்டும் பச்சியப்பன் டின்னைத் தொடவில்லை. டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நோய் எதுவும் தெரியவில்லை. ரொம்ப நாளாகப் பருவத்துக்கே வராத ஒரு கிழட்டுப் பன்றியை முனிராஜின் கறிக்கடைக்கு அனுப்பப்போவதாகச் சொன்னதும் டாக்டர், "வெட்டும்போது அதோட கர்ப்பப்பைய மட்டும் எனக்கு எடுத்து வெக்கச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் முனிராஜ் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்து கொடுத்தான். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு, கொட்டகை ஓரத்துக் கல்மேல் அதை விரித்தார்.

"இது கர்ப்பப்பை, சுத்தமா இருக்குது. இந்த ரெண்டு பக்கமும் பாருங்க. இதான் முட்டைப்பை. சுண்டைக்காய் சைஸ்ல கொப்புளம் கொப்புளமா இருக்கணும். பருவத்துல அது வெடிச்சு முட்டை வெளிய வரணும்."

பச்சியப்பன் குனிந்து பார்த்தார். சுண்டைக்காய் இல்லை. பெரிய நெல்லிக்காய் அளவில், நீர் கோத்து, கண்ணாடிபோல் மினுமினுத்துக்கொண்டு ஆறேழு உருண்டைகள் இருந்தன. டாக்டர் கத்தி நுனியால் ஒன்றைத் தொட்டதும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பச்சியப்பன் இரண்டடி பின்னால் போய்விட்டார். நாற்பது வருடமாகப் பன்றிகளைப் பார்த்தவருக்கு, ஒரு பன்றியின் வயிற்றுக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

"இது எதனால டாக்டரம்மா?"

"பல காரணம் இருக்குதுங்க. தீனியில பூஞ்சை இருந்தாலும் கோளாறு வரும். ஆனா உங்க தீனி நல்லாத்தான் இருக்குது. எனக்கு வேற ஒரு சந்தேகம். இதுங்க எதுக்கோ தெனம் பயப்படுது."

"பயமா?"

"ஆமாங்க. பயந்தா, கிட்னிக்கு மேல ஒரு சின்ன சுரப்பி இருக்குது, அதுலருந்து ஒரு நீர் ரத்தத்துல கலக்கும். கார்டிசால்னு பேரு. ஓடித் தப்பிக்கறதுக்கு உடம்பு பண்ணிக்கிற ஏற்பாடு அது. ஒரு நாள் பயந்தா தப்பில்ல. தெனமும் பயந்துகிட்டே இருந்தா, முட்டைய வெளிய வுடுன்னு மூளையிலருந்து வர்ற உத்தரவு நின்னுபோயிடும். முட்டை உள்ளயே தங்கி இப்படி நீர் கோத்துக்கும். உசுருக்கே ஆபத்துன்னு நெனைக்கிற ஒடம்பு குட்டிக்கு எடம் குடுக்குமா?" என்றவர், பக்கத்தில் நின்றிருந்த காவேரியிடம் திரும்பினார். "இங்க எதுக்குங்கம்மா பயப்படுதுங்க?"

காவேரி வாசல் கம்பத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "தெரியலைங்க" என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்று பச்சியப்பன் நினைத்துக்கொண்டார்.

அன்று முதல் அவர் எதிரியைத் தேடிக் கிளம்பினார். பக்கத்து நிலத்துக்காரரின் நாய்களைக் கட்டிப் போடச் சொல்லி வேலியோரம் நின்று அரை மணி நேரம் கத்தினார். கோயில் ஒலிபெருக்கி பண்ணையைப் பார்த்து இருக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் சண்டை போட்டு, வேறு பக்கம் திருப்ப வைத்தார். காட்டிலிருந்து ஏதாவது வந்து கண்ணைக் காட்டி மிரட்டுகிறதோ என்று சந்தேகம் வந்ததும், கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்து அதே டின்னைத் தட்டிக் காவல் காத்தார். ஒரு நாளைக்கு இரண்டு முறை கேட்ட டின் சத்தம் இப்போது எட்டு முறை கேட்டது. ஒன்பது பன்றிகளில் ஒன்றுகூடப் பருவத்துக்கு வரவில்லை. பச்சியப்பன் நடு வயலில் நின்று வானத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசினார்.

அந்தச் சமயம் பார்த்து, தவிட்டு மூட்டையைத் தூக்கியதில் அவருக்குக் குடல் இறங்கிவிட்டது. தருமபுரியில் ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதம் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தருமபுரியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் சுகுணா, "வூட்டுக்குப் போனா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க" என்று சொல்லி, பொம்மிடியில் இருக்கும் அவர் தங்கை குள்ளம்மாள் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். சுகுணா லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போய் அம்மாவுக்குத் துணையாக இருந்துவிட்டு வந்தாள். பிறகும் வாரக் கடைசியில் எல்லாம் போனாள். பச்சியப்பன் பொம்மிடியில் ரயில் சத்தத்துக்கு மேல் கத்திப் போனில் பண்ணையை நடத்தினார்.

"பன்னிங்க எப்படி இருக்குது?"

"இருக்குதுங்க."

"டின்ன தட்டிட்டுப் போறியா? இல்லன்னா மேல வுழும்."

"நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க" என்பாள் காவேரி.

எட்டாவது வாரம் அவர் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினார். ஏரியூரில் இறங்கி, ஒரு ஷேர் ஆட்டோவில் வந்து, வயல் வரப்பில் மெதுவாக நடந்தார். வயிற்றுத் தையல் இன்னும் சுரீர் என்றது. மொபெட் இல்லை, கத்தவும் தெம்பில்லை. அதனால் அவர் வருவது யாருக்கும் கேட்கவில்லை.

கொட்டகையின் பக்கச் சுவருக்கு மேலாக உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒன்பது பன்றிகளும் படுத்துக் கிடந்தன. ஒருக்களித்து, காலை நீட்டிக்கொண்டு, சுவரோரம் இல்லாமல் நடுத் தரையில் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு கவிழ்த்த தொட்டியில் காவேரி உட்கார்ந்திருந்தாள். ஒரு பெரிய பன்றி அவள் காலின் மேல் மோவாயை வைத்திருந்தது. அவள் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் அன்பரசி ஒரு சின்ன ஸ்கேன் கருவியை இன்னொரு பன்றியின் வயிற்றில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கண்ணைத் திறக்கக்கூட இல்லை.

"இதுவும் சினைதாங்கம்மா. ஏழு ஆச்சு" என்றார் டாக்டர்.

ஏழு! பச்சியப்பனுக்குத் தலை சுற்றியது. தையல், வலி எல்லாம் மறந்துபோனது. ஏழு சினை என்றால் பண்ணை பிழைத்தது, பரண் இல்லை, கடலை இல்லை. அவர் வாசலுக்கு விரைந்தார். டின் அவர் மாட்டிவிட்டுப் போன ஆணியிலேயே தொங்கியது. எட்டு வாரத்தில் யாரும் அதைத் தொடவில்லை, அதற்கும் கம்பத்துக்கும் நடுவே சிலந்தி வலை பின்னியிருந்தது. உள்ளே போகுமுன் கை தானாகவே அதை எடுத்தது. சந்தோஷத்தில் வழக்கத்தைவிடப் பலமாகவே நாலு தட்டுத் தட்டி, "ஏய்!" என்று ஒரு குரல் கொடுத்தார்.

படுத்துக் கிடந்த ஒன்பதும் ஒரே துள்ளலாகத் துள்ளி எழுந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வழுக்கி விழுந்து, தூரத்துச் சுவரில் போய் மோதின. அங்கேயே நெருக்கியடித்துக்கொண்டு, சிறுநீர் விட்டு, வெடவெடவென்று நடுங்கின. நாற்பது வருடமாகப் பார்த்த காட்சிதான். ஆனால் அவை காலை நீட்டிப் படுத்திருந்ததை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்ததில்தான் அவருக்கு மூச்சு நின்றது.

அதைவிடப் பெரிய அடி அந்த மூலையிலேயே இருந்தது. பன்றிகளோடு பன்றியாக, அதே சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, நெஞ்சில் கைவைத்தபடி காவேரி நின்றாள். தொட்டி உருண்டு கிடந்தது. அவள் எப்போது எழுந்தாள், எப்போது அத்தனை தூரம் போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"கீழ போடுங்க அத!" டாக்டர்தான் கத்தினார். அந்தப் பொறுமையான பெண்ணுக்கு அப்படிக் கத்த வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். "இது... இதத்தான் தெனமும் தட்டுனீங்களா? சினை புடிச்சு ஒரு மாசந்தாங்க ஆவுது. இந்த நேரத்துல இப்படி மிரட்டினா தங்கினதுகூடக் கலைஞ்சுடலாம்!"

பச்சியப்பன் கையிலிருந்து டின் நழுவியது. அது தரையில் விழுந்த சத்தத்துக்குப் பன்றிகள் மறுபடியும் அலறின. ஊரையே எழுப்புகிற குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. எதிரியைத் தேடி நாயோடும் கோயிலோடும் சண்டை போட்டவர், கடைசியில் எதிரியின் கையை முழங்கை வரைக்கும் பார்த்தார். அது தன் கையாக இருந்தது.

"சினை புடிச்சத எனக்கு ஏன் சொல்லல?" என்று காவேரியைக் கேட்டார்.

"சொன்னா ஓடியாந்துடுவீங்கன்னுதான்" என்றாள் அவள், சுவரை விட்டு நகராமலே.

அன்று சாயங்காலம் வரைக்கும் அவர் காட்டோரத்துப் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். பிறகு வீட்டுக்கு நடந்தார். வாசலை நெருங்கும்போது உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. வாரக் கடைசிக்கு வந்திருந்த சுகுணா யாரைப் போலவோ பேசிக் காட்டினாள், ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, அடங்கி, மறுபடியும் வெடிக்கிற சிரிப்பு. பக்கத்து வீட்டுப் பெண் யாரோ வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். அது காவேரி. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் இப்படிச் சிரிப்பாள் என்பதே அவருக்குத் தெரியாது. புளியமரத்து வளைவோடு நின்றுவிடும் சிரிப்பு அது.

சொந்த வீட்டுக்குள் எப்படிப் போவது என்று தெரியாமல் ஒரு மனிதன் நிற்பதுண்டா? பச்சியப்பன் நின்றார். செருமினால் டிவி நிற்கும். செருமாமல் போய் நின்றால் இன்னும் அதிகமாகத் தூக்கிவாரிப் போடும். டிவியில் அந்த நிகழ்ச்சி முடியும் வரைக்கும் வாசலிலேயே இருந்தார்.

அதன் பிறகு இருபது நாள் அவர் கொட்டகைப் பக்கம் போகவில்லை. டின்னைக் காலால் மிதித்துச் சப்பையாக்கிக் கிணற்றடியில் போட்டுவிட்டார். ஊர்க்காரர்கள், ஆபரேஷனில் அவருடைய குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். டாக்டர் மறுபடியும் ஸ்கேன் பார்க்க வந்த காலையில் அவர் வேலிக்கு வெளியிலேயே நின்று, விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு இருக்குதுங்க" என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். "ரெண்டு நிக்கல. அன்னிக்கு நடந்ததாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டன். எத்தனையோ காரணத்தால கலையும்."

"அதனாலதாங்க" என்றார் பச்சியப்பன். அந்த இரண்டையும் தன் கையால்தான் கலைத்தோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பண்ணை பிழைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னது அவர் காதில் பாதிதான் விழுந்தது.

டாக்டர் வண்டி கிளம்பிப் போன பிறகு அவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். வெறுங்காலோடு, ஓரடி ஓரடியாக உள்ளே போனார். பன்றிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. இரண்டு எழுந்தன. மற்றவை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டு படுத்தே இருந்தன. காவேரி தொட்டியின் மேல் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பாமல் அந்தப் பெரிய பன்றியைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

இருபது நாளாகத் தொண்டைக்குள் கிடந்த கேள்வி அது. தனக்குத் தெரிந்த மட்டும் மெதுவாக, காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார்.

"காவேரி, நீயும் என்னப் பாத்துப் பயந்துகிட்டுத்தான் இருந்தியா?"

கேட்டு முடிப்பதற்குள் காவேரி எழுந்து நின்றுவிட்டாள்.

உட்கார் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அதையும் தனக்கு அதட்டலாகத்தான் சொல்ல வரும் என்று பயமாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல், அவளுக்கு எதிரே, ஈரத் தரையில் தானே உட்கார்ந்தார்.